உயர்தரக் கடைகளின் உள்ளலங்காரத்துக்கு இவ்வளவு துல்லியமான எந்திர வேலை உண்மையிலேயே தேவையா?

கடிகாரமும் நகையும் விற்கிற பெரிய கடைகளில் ஒரு இழுப்பறைக்குக்கூட மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியம் கேட்கிறார்களே, அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது, வெறும் பந்தாதானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மாதிரிக் கடைகளுக்கான உலோக வேலை, கண்ணாடி வேலைகளை வரைந்து, எந்திரத்துக்கு அனுப்பி, கடைசியில் கடைக்குள் நின்று பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. வரைபடம் முழுக்க 0.01 என்று எழுதியிருந்தால் அது பந்தாதான். எந்த அளவு முக்கியம், எது முக்கியமில்லை என்று வரைந்தவருக்கே தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன். தலைமுடியின் தடிமனே 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான்.

ஆனால் சில இடங்களில் தேவைப்படுகிறது. வரிசையாகப் பன்னிரண்டு இழுப்பறைகள், முகப்புகளுக்கு நடுவே 2 மி.மீ. சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்து எல்லா இடத்திலும் 2 ஆக இருந்தாலும் சரி, எல்லா இடத்திலும் 2.3 ஆக இருந்தாலும் சரி, பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்று 2, அடுத்தது 1.5, அதற்கடுத்தது 2.4 என்று போனால் நுழைந்தவுடனே கண் அங்கேதான் போகும். என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தோன்றும். ஒவ்வொரு முகப்பும் 0.3 மி.மீ. அதிகமாக வந்தால் பன்னிரண்டாவது முடியும்போது 3.6 மி.மீ. சேர்ந்துவிடும். அதைக் கொண்டுபோய் எங்கே ஒளிப்பது? ஆக, நாம் துல்லியம் கேட்பது ஒரு துண்டுக்காக அல்ல, பக்கத்துத் துண்டோடு அது ஒத்துப்போவதற்காக.

கண்ணையாவது ஏமாற்றலாம், விரலை முடியாது. பித்தளைச் சட்டமும் மரமும் சேரும் இடத்தில் 0.1 மி.மீ. மேடு இருந்தால் கண் விட்டுவிடும், விரல் நுனி கண்டுபிடித்துவிடும். வாடிக்கையாளர் முன்னால் விற்பனையாளர் ஒரு நாளில் எத்தனையோ தடவை அந்த இழுப்பறையைத் திறக்கிறார். விளிம்பில் ஒரு பிசிறு நின்றால் போதும், கையில் கீறும். கை படுகிற விளிம்புகளுக்கெல்லாம் 0.3 மி.மீ. சரிவு வெட்டச் சொல்லித் தனியாகக் குறிப்பேன். கூர்மையாகத் தெரியும், ஆனால் அறுக்காது.

என் முதல் பெரிய வேலையில் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவர் முழுக்க ஒன்பது பித்தளைத் தகடுகள். எல்லாவற்றையும் 0.05-க்குள் வெட்டி வாங்கியிருந்தேன், பெருமையாகவும் இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தால் சுவர் நடுவில் 14 மி.மீ. வயிறு தள்ளி நிற்கிறது! தகட்டின் சட்டத்தை நேராகச் சுவரில் திருகுகிற மாதிரி வரைந்திருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. கட்டட வேலையில் சில மில்லிமீட்டர் விலகல் சகஜம், தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்துக் கட்டிய சுவரிலும் அது இருக்கும். அப்புறம் மூன்று ராத்திரி உட்கார்ந்து சட்டத்தையே மாற்றினோம். அன்றிலிருந்து சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் நகர்த்திச் சரிசெய்கிற சட்டம் இல்லாமல் நான் எதையும் வரைவதில்லை. அந்தச் சட்டத்தை நகர்த்துவது போல்ட். சாதாரண எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டின் மரை ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். எட்டில் ஒரு சுற்று திருப்பினால் சுமார் 0.16 மி.மீ. அந்த போல்ட் இல்லாமல் எந்திரத்தில் கொட்டிய காசுக்கு அர்த்தமே இல்லை.

சுவர் போகட்டும், பித்தளையே ஒரே அளவில் நிற்காது. 3 மீட்டர் பட்டை, வெப்பநிலை 20 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 1.1 மி.மீ. நீளும். அலுமினியம் இன்னும் கொஞ்சம் அதிகம். கண்ணாடி அதில் பாதிகூட நீளாது. கண்ணாடி முகப்புக்குப் பின்னால் வெயில் விழுகிற இடத்தில் இரண்டையும் இறுக்கி ஒட்டினால் ஒன்று பட்டை வளையும், இல்லையென்றால் ஒட்டு விட்டுப்போகும். இம்மி பிசகாமல் வெட்டிய பட்டையின் முனையில் வேண்டுமென்றே இடைவெளி விடுவதும் வடிவமைப்புதான். அதை மறந்துவிட்டு வெட்டியவரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

உள்மூலை இன்னொரு தலைவலி. உலோகத்தைக் குடைகிற மில்லிங் கட்டர் சுழலும் உருளை, அதனால் அது குடைகிற குழியின் உள்மூலை கூராக வராது. 6 மி.மீ. கட்டர் குறைந்தது 3 மி.மீ. வளைவை விட்டுவிட்டுப் போகும். அதற்குள் கூர்மூலைக் கண்ணாடியை உட்காரவைக்க வரைந்திருந்தால் கண்ணாடி உட்காராது. கண்ணாடியின் மூலையை உருட்டலாம், மூலையில் கூடுதலாகத் துளையிடலாம், அல்லது சட்டத்தை இரண்டு துண்டாகச் செய்து சேர்க்கலாம். கம்பி வழியே மின்பொறி பாய்ச்சி அறுத்தால் மூலை ஏறக்குறைய கூராகவே வரும், ஆனால் அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துளைத்துப் போகிற வெட்டுக்குத்தான். நேரமும் பிடிக்கும்.

வளைந்த பரப்புகளில் கணக்கு வேறு. உருண்டை முனைக் கட்டர் வயலில் ஏர் போன மாதிரி சால் சாலாக வெட்டிக்கொண்டு போகும், சால்களுக்கு நடுவே சின்ன வரப்பு நிற்கும். 6 மி.மீ. கட்டரை 0.6 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் வரப்பின் உயரம் சுமார் 15 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடைவெளியை 0.3 ஆக்கினால் 4 மைக்ரானுக்குக் கீழே வந்துவிடும், எந்திர நேரம் இரட்டிப்பாகும். 15 மைக்ரான் என்ன பெரிசு என்று தோன்றும். சுவரை ஒட்டிச் சாய்வாக விழுகிற எல்இடி வெளிச்சத்தில் வரப்பு வரப்பாகத் தெரியும்.

சரி, பாலிஷ் போட்டுவிடலாமே என்பீர்கள். போடலாம், ஆனால் பஃபிங் சக்கரம் பிடிக்கிறவர் கொஞ்சம் அழுத்திவிட்டால் விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிடும். பத்து மணி நேரம் எந்திரம் வெட்டியதைப் பத்து நிமிடத்தில் தேய்த்துவிட்டார் என்று நான் தலையில் கைவைத்த நாள் உண்டு. எவர்சில்வரில் தங்க நிறம் வேண்டும் என்று பிவிடி பூச்சுக்கு (வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கிற மெல்லிய பூச்சு) அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பூச்சு சில மைக்ரான்தான், அடியில் இருக்கும் கீறலை மூடாது.

எந்திரத்தில் ஒரு காசுகூட மிச்சம் பிடிக்கக்கூடாத வேலையும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் எம்விஆர்டிவி என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2016-இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் ஹவுசஸ் கடையின் முகப்பு கண்ணாடிச் செங்கல்லால் கட்டியது. சாதாரணச் செங்கலில் ஏற்ற இறக்கத்தைச் சாந்து விழுங்கிவிடும். அங்கே சாந்து கிடையாது, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ஒட்டு மட்டும்தான். அதனால் கல்லில் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விலகலை அனுமதித்தார்கள்.

உங்கள் வேலைக்கு வருவோம். அலமாரியின் முதுகு, உள்சட்டம், விளக்குப் பெட்டி இதற்கெல்லாம் ±0.5 தாராளம். கை படுகிற விளிம்பு, வரிசையாக வரும் சந்து, கண்ணாடி உட்காரும் குழி இவற்றை மட்டும் சிவப்பில் குறித்து 0.1 அல்லது 0.05 கேளுங்கள். முழு வேலைக்கும் சொல்வதற்கு முன்னால் ஒரு மூலையை மட்டும் உண்மையான உலோகத்தில், உண்மையான பாலிஷோடு செய்து வாங்கிவிடுங்கள். நான் அதை மேசையில் வைத்து, சாய்வாக டார்ச் அடித்து ஒரு தரம் பார்ப்பேன். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு விரலால் தடவிப் பார்ப்பேன்.