எம்.ஏ. கிழக்காசியா: சேர்ப்பதற்கு முன் ஒரு கணக்கு

வணக்கம் அம்மா. பி.ஏ. வரலாறு முடித்த மகள் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கிழக்காசிய ஆய்வு படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "ஜப்பானைப் பற்றிப் படித்தால் மதுரையில் யார் வேலை கொடுப்பார்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில் பட்டத்தின் பெயரில் இல்லை. அவள் ஜப்பானிய மொழியை எவ்வளவு தூரம் கற்கப்போகிறாள் என்பதில்தான் இருக்கிறது.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்கிறது. ஸ்பானிஷுக்கு 30 வாரம் போதும் என்கிறது. ஜப்பானியம், கொரியம், சீனம், அரபு நான்குக்கும் 88 வாரம், அதாவது 2200 வகுப்பு மணி நேரம். இப்போது நம் கணக்கைப் போடுங்கள். வாரம் 4 மணி நேர மொழி வகுப்பு, செமஸ்டருக்கு 16 வாரம் என்று வைத்துக்கொண்டால், நான்கு செமஸ்டரும் சேர்ந்து 256 மணிதான். அதை வைத்து ஒரு ஜப்பானிய நாளிதழைக்கூடப் படிக்க முடியாது. என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்கினார்கள். கையில் முதல் வகுப்புப் பட்டம் இருக்கும், நேர்காணலில் ஜப்பானியத்தில் இரண்டாவது கேள்விக்கே திணறுவார்கள்.

அதனால் எம்.ஏ.வோடு நிற்க வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அதே துறை முழுநேர மொழி டிப்ளமாக்களும் நடத்துகிறது. ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து நிலைகள். என்2 தேறினால்தான் நல்ல நிறுவனங்களின் கதவு திறக்கும்.

அப்படியானால் மொழியை மட்டும் படித்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி சொன்னது இது. விலையைக் குறைக்கச் சொல்லி நடந்த கூட்டத்தில் ஜப்பானிய மேலாளர் "கென்தோ ஷிமாஸ்" என்றாராம். நேர் பொருள் "பரிசீலிக்கிறோம்". உடனிருந்த நம் ஆட்கள் சந்தோஷமாக எழுந்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் அது மரியாதையான மறுப்பாக இருக்கலாம் என்று பட்டது. கல்யாணப் பேச்சில் "பார்க்கலாம்" என்று சொல்வோமே, அதுபோல. மறுநாளே வேறு விலையோடு போகச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சமூகத்தின் வரலாறும் பழக்கவழக்கமும் தெரிந்தால்தான் இது பிடிபடும். கிழக்காசிய ஆய்வு போன்ற பிராந்திய ஆய்வு, அதாவது ஒரு பகுதியின் மொழி, வரலாறு, சமூகத்தைச் சேர்த்துப் படிப்பது, தருவது இதைத்தான், இது சின்ன விஷயம் இல்லை.

துறையின் நிலையையும் மறைக்காமல் சொல்கிறேன். 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அமெரிக்கா பதறிப்போய், 1958-இல் சட்டம் போட்டு பல்கலைக்கழகங்களில் இத்தகைய பிராந்திய ஆய்வு மையங்களுக்குப் பணம் கொடுத்தது. 2025-இல் அந்த நிதியையே நிறுத்திவிட்டது. அரசாங்கத்தின் பயத்தையும் தேவையையும் நம்பி வளர்ந்த துறை இது, பணம் வரும், போகும். நம் நாட்டிலும் பேராசிரியர் வேலைகள் குறைவு. நெட் தேர்வும் பிஎச்.டி.யும் முடித்துக் காத்திருக்கும் பொறுமை இருந்தால் மட்டும் அந்தக் கனவு காணட்டும். ஐ.எஃப்.எஸ்., அதாவது இந்திய வெளியுறவுப் பணி அதிகாரியாக வேண்டுமானால் இந்த எம்.ஏ. கட்டாயமே இல்லை. எந்தப் பட்டம் இருந்தாலும் யு.பி.எஸ்.சி. எழுதலாம், பணியில் சேர்ந்த பிறகு மொழியை அரசே கற்றுக்கொடுக்கும்.

அவள் ஆசையைத் தடுக்காதீர்கள் அம்மா. சேர்க்கைக்கான க்யூட் தேர்வுக்குப் படிக்கும்போதே என்5-க்கும் தயாராகட்டும். அந்த மாதங்களில் கஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்துகளோடு மல்லுக்கட்டுவது பிடிக்கிறதா, சலிக்கிறதா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். பிடித்திருந்தால் இரண்டு பேரும் ஒருநாள் வாருங்கள். வரும்போது பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கொண்டுவாருங்கள், மொழிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.