பழைய லேப்டாப்புக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸா?

கேள்வி: 2016-இல் வாங்கிய லேப்டாப். ஐ5 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10, ஆமை வேகம். யூடியூப், வங்கி, மெயில், தமிழில் கடிதம், இவ்வளவுதான் வேலை. கேனான் எல்பிபி2900 பிரின்டர் உண்டு. கடைக்காரர் ஆயிரம் ரூபாய்க்கு ‘ஒரிஜினல்’ விண்டோஸ் 11 போட்டுத் தருகிறேன் என்கிறார். மகன் லினக்ஸ் போடு என்கிறான். (வாசகி, கும்பகோணம்)

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். பிரின்டர்தான் இடிக்கும், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல் சிப்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான்; உங்களுடையது ஆறாம் தலைமுறை. நன்றாக ஓடுகிற கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பும் விதி இது. நிறுவும்போது விண்டோஸ் இதைச் சோதிக்கும்; உங்கள் கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவுவார். பின்னால் வரும் பெரிய அப்டேட்டுகள் தானாக வராது. ஆயிரம் ரூபாய்க்கு உரிமம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ‘ஆக்டிவேட்டர்’தான், அதாவது உரிமம் இருப்பதுபோல விண்டோஸை ஏமாற்றும் திருட்டு மென்பொருள். ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டுத்தான் அதை ஓட்டுவார்கள். அதே கணினியில் நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கப்போகிறீர்கள். “ஒரிஜினல் என்று பில்லில் எழுதிக்கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறும்.

வேகம் குறையப் பெரும்பாலும் காரணம் ஹார்டு டிஸ்க். அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்கை, 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா வகையில், போடுங்கள். ரேமை 8 ஜிபி ஆக்கலாம். ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரு ரேம் வகைகளும் உண்டு என்பதால், இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

8 ஜிபி பென் டிரைவில், லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டை ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு ஏற்றுங்கள். பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, கேமரா, வங்கித் தளம் எல்லாம் பாருங்கள். அதுவரை டிஸ்க்கில் எதுவும் மாறாது. பிறகு நிறுவும்போது ‘எரேஸ் டிஸ்க்’ என்ற தேர்வு வந்தால் நிறுத்திப் படியுங்கள்; அது டிஸ்க்கையே துடைத்துவிடும்.

இப்போது பிரின்டர். எல்பிபி2900 பேசுவது கேப்ட் என்ற கேனானின் சொந்த மொழி. லினக்ஸுக்கு கேனான் தந்த டிரைவர் பழையது. ஒருவழியாக நிறுவினாலும் ஒரு நாள் அச்சடிக்கும், அடுத்த அப்டேட்டில் வாய் மூடிக்கொள்ளும். கடைக்காரர் ‘போட்டுத் தருகிறேன்’ என்று இதற்கும் காசு வாங்குவார். எச்பி லேசர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு எளிய வழி: லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதைக் கழற்றி, கேடி என்கிற சட்டத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டுங்கள். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என இரு தடிமனில் கிடைக்கும். டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். அச்சடிக்கும் நாளில் மட்டும் அதிலுள்ள விண்டோஸ் 10-ஐத் துவக்கலாம், இன்டர்நெட் இல்லாமல். டிவிடி டிரைவ் இல்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

தமிழுக்கு மின்ட்டின் ‘இன்புட் மெத்தட்’ பகுதியில் தமிழ்99, ஃபோனெட்டிக் ஆகிய இரு தட்டச்சு முறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கடிதங்களுக்கு அந்த ஃபான்ட் கோப்பை நிறுவினால் போதும், லிப்ரே ஆஃபீஸில் திறக்கும். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி திறக்கும் எழுத்து முறையான யூனிகோடுக்குத் தமிழக அரசு 2010-இலேயே ஆணை போட்டும், இன்னும் ‘வானவில்லில் (பழைய தமிழ் ஃபான்ட்) கொடுங்கள்’ என்கிற அலுவலகங்களை என்ன சொல்ல!

எஸ்எஸ்டி மாற்றும்போது பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உங்கள் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.