தினமும் கட்டுவதற்கு ஒரு குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப்: கேள்விகளும் பதில்களும்

ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரமே க்ரோனோகிராஃப். அதில் ஸ்பிரிங்கால் ஓடும் இயந்திர வகையின் விலையும் பராமரிப்புச் செலவும் கட்டுப்படியாகாதவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் க்ரோனோகிராஃப். அதை விசேஷங்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் அன்றாடம் கட்ட நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, புதிதாக வாங்கிய வாட்ச் நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது; ஆனால் நடுவிலுள்ள நீளமான வினாடி முள் பன்னிரண்டிலேயே நிற்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. க்ரோனோகிராஃபில் நடுவிலுள்ள அந்த நீள முள் ஸ்டாப்வாட்சுக்கு உரியது. மேல் பொத்தானை அழுத்தினால்தான் அது ஓடும். வழக்கமான வினாடிகளைக் காட்டும் முள் சிறுவட்டங்களுள் ஒன்றில், பல மாடல்களில் ஆறு மணிக்கு மேலே உள்ள வட்டத்தில், ஓடிக்கொண்டிருக்கும். அது நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் வாட்ச் நலமாக இருக்கிறது.

பெரிய முள் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அதை எப்போதும் ஓடவிட்டு வைப்பவர்கள் உண்டு. அதனால் வாட்சுக்குப் பெரிய கேடு நேராது என்றாலும் பேட்டரி விரைவில் தீரும். உற்பத்தியாளர்கள் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று குறிப்பிடும் பேட்டரி ஆயுள், ஸ்டாப்வாட்சை நாளொன்றுக்குக் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பயன்படுத்தமாட்டீர்கள் என்ற கணக்கில் சொல்லப்படுவது. கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அந்தக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும்.

கேள்வி: எனக்கு மெல்லிய மணிக்கட்டு. 42 மில்லிமீட்டர் வாட்ச் பொருந்துமா? படத்தில் அழகாக இருக்கிறது, கையில் தட்டுப் போலத் தெரியுமோ என்று பயம்.

பதில்: விளம்பரங்களில் முதலில் சொல்லப்படும் விட்ட அளவை வைத்து முடிவெடுக்காதீர்கள். வாட்ச் கையில் எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிப்பது, வார் மாட்டும் மேல்காதின் நுனியிலிருந்து கீழ்க்காதின் நுனி வரை உள்ள நீளம். 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு வாட்சுகளில் ஒன்றுக்கு இந்த நீளம் 47 ஆகவும் மற்றொன்றுக்கு 52 ஆகவும் இருக்கக்கூடும். முன்னது மெல்லிய கையிலும் அடங்கும், பின்னதன் காதுகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி, மணிக்கட்டின் மேற்புறத் தட்டைப் பகுதியில் குறுக்காக வைத்துப் பாருங்கள். காகிதத்தின் முனைகள் கையின் வளைவைத் தாண்டி அந்தரத்தில் நின்றால் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது. காதுகள் கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சலுகை தரலாம்.

அடுத்தது தடிமன். என் அனுபவத்தில், தினசரி அணிவதற்கு வாங்கிய க்ரோனோகிராஃபைப் பலரும் ஓரிரு மாதங்களில் கழற்றி வைத்துவிடுவதற்கு இதுதான் முதற் காரணம். குவார்ட்ஸுக்கு இங்கே இயல்பாகவே ஓர் அனுகூலம் உண்டு. பரவலாகப் பயன்படும் வால்ஜூ 7750 என்ற தானியங்கி க்ரோனோகிராஃப் மூவ்மென்ட் (வாட்சை ஓட்டும் உள் இயந்திரம்) மட்டுமே 7.9 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதன் மேல் முகப்பு, முட்கள், கண்ணாடி, பின்மூடி எல்லாம் சேரும்போது வாட்ச் எளிதில் 14 மில்லிமீட்டரை எட்டிவிடும். குவார்ட்ஸில் 11 அல்லது 12 மில்லிமீட்டருக்குள் முடித்துவிட முடியும். ஆயினும் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே கேஸை, அதாவது வெளிக்கூட்டை, தடிப்பாகச் செய்யும் மாடல்கள் சந்தையில் நிறைய உள்ளன. முழுக்கைச் சட்டை அணிபவர் 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நலம்.

பொத்தான்களையும் மறக்கக் கூடாது. மூன்று மணிப் பக்கத்தில் நேரத்தைத் திருத்தும் குமிழும் அதன் இருபுறமும் பொத்தான்களும் நீட்டிக்கொண்டிருப்பதால், மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும்போது அவை புறங்கையில் குத்தும். தரையில் கையூன்றி எழும்போதும் வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கும்போதும் இது நன்றாகத் தெரியும். கடையில் கட்டிப் பார்க்கையில் மேசைமீது உள்ளங்கையை ஊன்றிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக ஒரு விரல் அளவு ஏற்றிக் கட்டினால் பெரும்பாலும் தொல்லை தீரும்.

கேள்வி: "மெக்கா குவார்ட்ஸ்" என்று எழுதியிருக்கும் வாட்சுக்கு விலை சற்றுக் கூடுதலாக இருக்கிறது. அந்தக் கூடுதலுக்குத் தகுந்த பயன் உண்டா?

பதில்: சாதாரண குவார்ட்ஸ் க்ரோனோகிராஃபில் ஸ்டாப்வாட்ச் முட்களையும் சிறிய மோட்டார்களே நகர்த்துகின்றன. 1983இல் சீகோ வெளியிட்ட 7ஏ28 இந்த வகை முள் க்ரோனோகிராஃப்களுக்கு முன்னோடி. மெக்கா குவார்ட்ஸ் ஒரு கலப்பு வகை. நேரத்தைக் காப்பது வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். ஸ்டாப்வாட்ச் பகுதியோ நெம்புகோல்களும் சுத்தியலும் கொண்டு இயந்திர முறையில் இயங்குவது. சீகோ குழுமத்தின் விகே63, விகே64 ஆகியவை விலை குறைந்த வாட்சுகளில் அதிகம் காணப்படும் இவ்வகை மூவ்மென்ட்கள்.

கையில் கட்டியவருக்கு இதனால் தெரியும் வேறுபாடுகள் இரண்டு. வினாடிக்கு ஒருமுறை துள்ளுவதற்குப் பதிலாக முள் வினாடிக்கு ஐந்து சிறு அடிகள் எடுத்து வைப்பதால் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றும். கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் முள் சட்டென்று பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். மோட்டார் வகையில் அது வட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேரும். நேரத் துல்லியத்தில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மாதத்துக்கு 15 முதல் 20 வினாடி வரை முன்பின் ஆகலாம் என்பதே இரண்டுக்கும் வழக்கமான வரையறை. பொத்தானை அழுத்தும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்தத் தெளிவான "டிக்" உங்களுக்கு மகிழ்ச்சி தருமானால் கூடுதல் பணம் வீணில்லை. ஸ்டாப்வாட்சைத் தொடவே மாட்டேன் என்பவர் அந்தப் பணத்தை நல்ல கண்ணாடிக்கும் நல்ல வாருக்கும் செலவிடலாம்.

கேள்வி: என் விகே63 வாட்சில் வலப்பக்கச் சிறுவட்டம் ஸ்டாப்வாட்ச் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தன்பாட்டுக்கு நகர்கிறது. மணிக் கணக்கைக் காட்டவில்லையே?

பதில்: அது ஸ்டாப்வாட்சின் பகுதியே அல்ல. மணி முள்ளோடு இணைந்து 24 மணி நேரத்தைக் காட்டுவது. இப்போது பகலா இரவா என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. இந்த மூவ்மென்டில் 60 நிமிடம் வரைதான் அளக்க முடியும். மிக மலிவான சில வாட்சுகளில் சிறுவட்டங்கள் வெறும் அச்சாக இருப்பதும் உண்டு என்பதால், வாங்கும் முன் பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருக்கிறது. நீந்தலாமா? மழையில் நனையலாமா?

பதில்: நீந்தக் கூடாது. மழைத்துளியும் கை கழுவும்போது தெறிக்கும் நீரும் பரவாயில்லை. அந்த 30 மீட்டர் ஆய்வுக்கூடத்தில் அசைவற்ற நிலையில் தரப்படும் அழுத்தத்தைக் குறிக்கிறதே தவிர, அவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கான அனுமதி அன்று. நீந்துவதற்கு 100 மீட்டர் எனக் குறிக்கப்பட்டதை வாங்குங்கள். சாதாரண வாட்சின் பக்கவாட்டில் குமிழுக்காக ஒரே ஒரு துளை இருக்க, க்ரோனோகிராஃபில் பொத்தான்களுக்காக மேலும் இரண்டு துளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் காப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். ஆகவே 100 மீட்டர் வாட்சாக இருந்தாலும், கையேடு வெளிப்படையாக அனுமதிக்காதவரை நீருக்குள் பொத்தான்களை அழுத்தாதீர்கள். வெந்நீர்க் குளியலுக்கு முன் கழற்றிவிடுங்கள்; சூடும் சோப்பும் அந்த வளையங்களை விரைவில் கெடுத்துவிடும்.

கேள்வி: வயதாகிவிட்டது. இத்தனை வட்டங்களும் முட்களும் இருந்தால் அவசரத்தில் நேரம் பார்க்க முடியுமா?

பதில்: முகப்பைப் பொறுத்தது. கறுப்பு முகப்பில் வெள்ளை முட்கள், அல்லது வெளிர் முகப்பில் கருமையான முட்கள் என்று நிற வேறுபாடு அழுத்தமாக இருக்க வேண்டும். வெள்ளி முகப்பின் மேல் பளபளக்கும் வெள்ளி முட்கள் இருக்கும் வாட்சைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணாடிப் பேழைக்குள் விளக்கொளியில் மின்னும் அது, வெயிலில் வந்ததும் ஒன்றும் தெரியாது. மணி, நிமிட முட்கள் அகலமாகவும் சிறுவட்ட முட்கள் மெல்லியனவாகவும் இருப்பது நல்லது. இரண்டேகால் மணிக்கும் ஒன்பதேமுக்கால் மணிக்கும் பெரிய முட்கள் சிறுவட்டங்களை மறைப்பதை எந்த வடிவமைப்பாலும் தவிர்க்க இயலாது. மூன்று வட்டங்களுக்குப் பதில் இரண்டே வட்டங்கள் உள்ள மாடல் உங்களுக்கு இன்னும் வசதியாக இருக்கும்.

கேள்வி: விளிம்பில் உள்ள டேக்கிமீட்டர் எண்களால் அன்றாடம் ஏதாவது பயன் உண்டா?

பதில்: மிகக் குறைவு. ஒரு கிலோமீட்டர் கல்லைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்சைத் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்தினால், முள் காட்டும் எண் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்பதைச் சொல்லும். 3,600ஐ வினாடிகளால் வகுத்த கணக்குதான். 45 வினாடி ஆனால் 80. ஒரு நிமிடத்துக்கு மேலாகிவிட்டால் அளவுகோல் உதவாது. இதைச் சக பயணி செய்யட்டும், ஓட்டுநர் வேண்டாம்.

தினமும் உண்மையில் உதவுவது நிமிடக் கணக்கு காட்டும் சிறுவட்டம். இரண்டு வகைக் கண் சொட்டுமருந்துகளுக்கு இடையே ஐந்து நிமிடம் விடுவதற்கும், நடைப்பயிற்சிக்கும், பேச வேண்டிய நேரத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கும் கைபேசியைத் தேட வேண்டியதில்லை.

கேள்வி: கைபேசி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் காந்தம் வாட்சைக் கெடுக்குமா?

பதில்: வலுவான காந்தத்தின் மேல் வைத்தால் நின்றுபோகலாம், விலக்கியதும் பெரும்பாலும் ஓடத் தொடங்கிவிடும். நேரத்தை மறுபடி சரிசெய்துகொண்டால் போதும்.

கேள்வி: வெயில் காலத்தில் வாரின் அடியில் தோல் அரிக்கிறது. வாட்சின் தவறா?

பதில்: முதலில் பின்மூடியைப் படியுங்கள். பின்மூடி மட்டும் துருவேறா எஃகாலும், மீதிக் கேஸ் முலாம் பூசிய மட்ட உலோகத்தாலும் ஆன வாட்சுகள் உண்டு. வியர்வையில் முலாம் தேய்ந்து உள்ளுலோகம் தோலில் படும்போது அரிப்பு வரும். நிக்கல் ஒவ்வாதவர்களுக்கு அது கூடுதலாக இருக்கும். முழு எஃகுக் கேஸாக இருந்தும் அரித்தால், வாரை மாற்றிப் பாருங்கள். தோல் வார் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோடையில் நைலான் வாரோ ரப்பர் வாரோ கட்டி, வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவுவது எளிது. இதற்காகவே வார் அகலம் 20 அல்லது 22 மில்லிமீட்டர் என்று பொது அளவில் உள்ள வாட்சை வாங்கச் சொல்வேன்.

கேள்வி: பேட்டரி மாற்றிய பிறகு ஸ்டாப்வாட்ச் முள் பன்னிரண்டுக்குத் திரும்பாமல் இரண்டு வினாடி தள்ளி நிற்கிறது. மீண்டும் கடைக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: மோட்டார் வகையாக இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பல மூவ்மென்ட்களில் குமிழைக் கடைசி நிலை வரை வெளியே இழுத்து, மேல் பொத்தானையோ கீழ்ப் பொத்தானையோ ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் முள் ஓர் அடி நகரும். பன்னிரண்டில் வந்து நின்றதும் குமிழை உள்ளே தள்ளிவிடலாம். எந்தப் பொத்தான் எந்த முள்ளுக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். மெக்கா குவார்ட்ஸ் வகையில் முள் தள்ளி நின்றால், பழுதுபார்ப்பவர் அதைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும்.

கடைக்குப் போவதானால் எந்த பேட்டரி போட்டார்கள் என்றும் கேளுங்கள். எஸ்ஆர் என்று தொடங்கும் சில்வர் ஆக்சைடு பேட்டரி 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராகத் தரும். அதே அளவில் எல்ஆர் என்று தொடங்கும் ஆல்கலைன் பேட்டரி மலிவானது என்றாலும் அதன் மின்னழுத்தம் படிப்படியாகக் குறையும், கசியும் வாய்ப்பும் அதிகம்.