வாசகர் கேள்வி: செவ்வரத்தை (செம்பருத்தி) எண்ணெய் சிவக்க வேண்டுமா?

கேள்வி: தேங்காய் எண்ணெயில் செவ்வரத்தம் பூப் போட்டுக் காய்ச்சினேன். நிறமும் சிவக்கவில்லை, இரண்டு வாரத்தில் அடி கலங்கிக் காரல் வாடையும் வந்துவிட்டது. பூ சரியில்லையா? (வாசகி, ஹட்டன்)

பதில்: பூவில் குற்றமில்லை, ஈரம்தான் கெடுத்திருக்கிறது. மழையும் பனியும் குடித்த பூவைப் பறித்த கையோடு சட்டியில் போட்டால் அந்தத் தண்ணீர் எண்ணெயோடு தங்கிவிடும்.

ஒரு போத்தல், அதாவது 750 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு, ஐந்திதழ்ச் சிவப்புப் பூ 20, இலை ஒரு கைப்பிடி. காம்பு, பச்சைப் புல்லி, நடுவில் நீண்டிருக்கும் மகரந்தத் தண்டு மூன்றையும் கிள்ளிவிடுங்கள். கழுவித் துணியில் பரப்பி ஓர் இரவு வாட விடுங்கள். பிறகு மெல்லிய தீ. முதலில் சடசடவென்று நுரைக்கும். நீர் வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கியதும் கரண்டியால் ஓர் இதழை எடுத்து, ஆறவைத்து நசுக்கிப் பாருங்கள். நொறுங்கினால் உடனே இறக்க வேண்டும்.

நிறத்துக்காகக் காத்திருந்து கருக்குபவர்கள்தான் அதிகம். பூவின் சிவப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. இலை சேர்வதால் எண்ணெய் இளம்பச்சையாகத்தான் வரும். பளிச்சென்று சிவந்த எண்ணெயைக் கண்டால் அதில் வேம்பாளம் பட்டையோ சாயமோ சேர்ந்திருக்கும்.

வடிக்கும்போது சக்கையைப் பிழியாதீர்கள், அடியில் கலங்கல் சேர்வது அதனால்தான். நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்; சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் வியர்த்து உள்ளே சொட்டும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையும். நுவரெலியா, நானுஓயாப் பக்கம் காலையில் வெள்ளையாக உறைந்து நின்றால் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். போத்தலைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால் இளகிவிடும். திரும்ப அடுப்பில் ஏற்றாதீர்கள்.

இந்த எண்ணெய் முடியை மிருதுவாக்கும், உடைவதைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைவாலோ தைரோய்டு கோளாறாலோ கொட்டும் முடிக்கு மருந்தாகாது.

கேள்வி: கடையில் வாங்கும் செம்பருத்தித் தேநீர் புளிப்பாக, கடும் சிவப்பாக இருக்கிறது. வீட்டுப் பூவில் போட்டால் ஊதாவாகச் சப்பென்று வருகிறதே? (வாசகர், பண்டாரவளை)

பதில்: செடியே வேறு. கடைப் பொதியில் இருப்பது புளிச்சைச் செடியின் சதைப்பற்றான புல்லி. இரத்த அழுத்தம் குறைவது பற்றிய ஆய்வுகளும் பெரும்பாலும் அதை வைத்தே நடந்தவை. அந்தப் பலனை வேலிப் பூவுக்குச் சொல்லக்கூடாது.

வீட்டுப் பூவென்றால் நான்கு பூவின் இதழுக்கு ஒரு கோப்பை கொதித்த நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். சேர்த்துக் கொதிக்கவிட்டால் கொழகொழக்கும். வடித்துத் தேசிக்காய் நாலு சொட்டு விட்டதும் ஊதா மாறிச் சிவக்கும்.

காயவைக்க மலைநாட்டு வெயிலை நம்ப முடியாது. மத்தியானம் மூடுபனி இறங்கினால் பூஞ்சணம்தான். சுளகில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, புகை படாமல் அடுப்படிச் சூட்டில் வையுங்கள். தொட்டால் காகிதம் போல் சரசரக்கும் வரை போத்தலில் அடைக்காதீர்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்ட லயத்துக்குப் (வரிசை வீடுகளுக்குப்) பக்கத்து வேலிப் பூவைக் குடிக்கப் பறிக்கலாமா? யார் குடிக்கக்கூடாது? (வாசகி, பதுளை)

பதில்: தேயிலைக்கோ புல்லுக்கோ மருந்து அடிக்கும் மலையோரம் என்றால் வேண்டாம். கழுவினாலும் முழுக்கப் போகாது. வாசலில் ஒரு கிளையை நட்டுக்கொள்ளுங்கள், சுலபமாக வேர்விடும். கர்ப்பிணிகளும் குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் குடிக்க வேண்டாம். அழுத்தத்துக்கோ சீனி வருத்தத்துக்கோ குளிசை போடுபவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.