கண்மாய் மீன் கேள்வி-பதில்: இந்த முறை அயிரை

கண்மாய்க்குத் தண்ணீர் வந்தாலே எனக்குக் கடிதமும் வந்துவிடும். இந்த முறை எல்லாமே அயிரையைப் பற்றித்தான்.

அயிரை வளர்ந்தால் விரால் ஆகுமா? (தேவகோட்டை)

ஆகாது. முழுதாக வளர்ந்த அயிரையே ஆறேழு சென்டிமீட்டர்தான். கரையோரம் சிவப்பாகக் கூட்டமாகத் திரிவது விரால் குஞ்சு, அதை அள்ளாதீர்கள் என்று எத்தனை தடவைதான் சொல்வது?

தொட்டியில் விட்ட அயிரை மேலே வந்து காற்றை விழுங்குகிறது, நோயா? (காரைக்குடி)

நோய் இல்லை. அது செவுளோடு குடலாலும் மூச்சுவிடும். ஆனால் ஓயாமல் மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது, மாற்றுங்கள். தொட்டி எவ்வளவு பெரிது, அடியில் என்ன போட்டிருக்கிறது என்று ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சோசியமா பார்ப்பது? ஜல்லி என்றால் எடுத்துவிட்டு ஆற்று மணல் போடுங்கள்.

அயிரையைக் கழுவும்போது கையில் முள் ஏறிவிட்டது, விஷமா? (கண்டனூர்)

இல்லை. கண்ணுக்குக் கீழே மடங்கியிருக்கும் முள் அது, பிடித்தால் நிமிரும். விஷ முள் உள்ள தேளி மீன் குத்தியிருந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இது நம்ம பக்கத்து மீன் மட்டும்தானா? (பள்ளத்தூர்)

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. அறிவியல் பெயர் லெபிடோசெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். 1846-ல் 'தெர்மாலிஸ்' என்று பெயர் வைத்தபோது கையில் இருந்ததே திருகோணமலை கன்னியா வெந்நீரூற்று மீன்தான். வடக்கே இருப்பது குந்தியா, இதன் பங்காளி.

ஊரணியைத் தூர்வாரியபின் அயிரையே இல்லை, குஞ்சு எங்கே கிடைக்கும்? (கானாடுகாத்தான்)

தூர்வாரினீர்களா, சுரண்டினீர்களா? அயிரை பிழைப்பதே அடிமண்ணில்தான். மணலை வாய் நிறைய அள்ளி, அதிலிருக்கும் புழுவையும் மக்கிய தழையையும் வைத்துக்கொண்டு மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். ஆள் அரவம் கேட்டால் அதே மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். அந்த மணலையும் வண்டலையும் ஜேசிபியால் கட்டாந்தரை தெரியும்வரை வழித்து, சுற்றிலும் காங்கிரீட் பூசி, தண்ணீர் வரும் வரத்துக்காலில் மனை போட்டு விற்றுவிட்டு, அப்புறம் மீனைக் காணோம் என்றால்? போதாக்குறைக்கு எவராவது தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை வேறு விட்டுவிடுகிறார்கள், அது இருக்கிற சின்ன மீனையெல்லாம் தின்று தீர்க்கும். குஞ்சு தேடி அலைய வேண்டாம். நம்ம கண்மாய்கள் ஒன்று நிறைந்து அடுத்ததற்குப் போகும்படி வெட்டியவை. வரத்துக்காலைத் திறந்து, அடியில் கொஞ்சம் மணலும் கிடந்தால், மேலே அயிரை இருக்கிற கண்மாய் நிறைந்து மறுகால் போகும்போது தானாகவே இறங்கி வரும். மறுபடியும் சொல்கிறேன், கெளுத்தியை மட்டும் விடாதீர்கள்.

குழம்பில் மண் கடிக்கிறதே? (புதுவயல்)

உயிரோடு வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் கொஞ்ச நேரம் விட்டால் மண்ணைக் கக்கிவிடும், அப்புறம் கல் உப்பு போட்டுச் சட்டியில் உரசி வழவழப்புப் போக நாலு தண்ணீர் அலசுங்கள். செத்ததை வாங்கிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.