பழைய மாணவர்கள் சேர்ந்து ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை நிதி தொடங்குவது எப்படி?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஒன்றில் ஒரே செட்டாகப் படித்த 80 பேர், வாட்ஸாப் குழுவில் பேசி இப்படியொரு நிதி தொடங்க முடிவெடுத்து, எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். வசூலை அப்புறம் பார்க்கலாம். எதற்குக் கொடுப்பது என்பதுதான் முதல் வேலை.

பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் அரசே தருகிறது. எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேர்வான பிள்ளைக்கு ஒன்பது முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். கல்லூரி போனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000. மறுபடியும் நோட்டும் பையும் வாங்கி மேடையில் போட்டோ எடுப்பது வீண். வகுப்பறை, கழிப்பறை கட்டத்தான் ஆசை என்றால் தனி அமைப்பே வேண்டாம். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற அரசுத் திட்டம் வழியாகக் கொடுத்துவிடலாம்.

ஓட்டை இருப்பது பிளஸ் டூ முடிந்த ஜூன், ஜூலையில். விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போய்வர பஸ் காசு, விடுதி முன்பணம், முதல் மாத மெஸ். அரசுத் தொகை வரும், ஆனால் கல்லூரி கேட்கும் தேதிக்கு வராது. அந்த வாரத்தில் 6,000 ரூபாய் கையில் இல்லாமல்தான் பையன் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறான்.

12 பிள்ளைகளுக்கு 6,000 வீதம் ஆண்டுக்கு 72,000. வட்டியில் மட்டும் ஓட்டுவதென்றால், 6.5 சதவீதத்துக்கு 11 லட்சத்துக்கு மேல் டெபாசிட் வேண்டும்; தலைக்கு கிட்டத்தட்ட 14,000. 80 பேரில் எல்லோருமே தந்துவிட மாட்டார்கள். மாதம் 200 ரூபாய் தானாகக் கழியும்படி 40 பேர் வங்கியில் எழுதிக் கொடுத்தால் ஆண்டுக்கு 96,000. மிச்சம் 24,000 டெபாசிட்டுக்கு. முதல் வருட உற்சாகத்தில் 10,000 போடுகிறவரைவிட, மறந்துபோய் மாதம் 200 தருகிறவர்தான் நிதியைக் காப்பாற்றுவார்.

பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வாங்கவே வாங்காதீர்கள். வரிக்கணக்கில் அவர் மாட்டுவார், சந்தேகமும் அங்கேதான் முளைக்கும். சங்கமாகப் பதிய குறைந்தது ஏழு பேர், மாவட்டப் பதிவாளர் அலுவலகம். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகம். பிறகு பான், இருவர் கையெழுத்தில் வங்கிக் கணக்கு. இருவருமே உள்ளூர்க்காரர்களாக இருக்கட்டும்.

80ஜி என்று எல்லோரும் சொல்லும், நன்கொடை தருகிறவருக்கான வரிச்சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் அதுவும் இல்லை. துபாயில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருக்கும் நண்பர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் தருவது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது. புது அமைப்புக்கு அது எளிதில் கிடைக்காது; பொதுவாக மூன்று ஆண்டு வயதும் 15 லட்சம் செலவுக் கணக்கும் கேட்பார்கள்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உங்களில் ஒருவர் போதும். மார்க்கை மட்டும் பார்த்தால் ஏற்கெனவே பரிசு வாங்கும் பிள்ளையே இதையும் வாங்கும். தாயோ தகப்பனோ இல்லாத வீடு, பாட்டி வளர்க்கும் பிள்ளை என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மேடையில் பெயர் வாசிக்காதீர்கள்.

பணம் பிள்ளையின் சொந்தக் கணக்குக்கே போகட்டும். இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், அது ஜூலையில்தான் தெரியவரும். மே மாதமே கணக்கு இயங்குகிறதா என்று வங்கியில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.