கிரோன் நோய் இருக்கிறது, இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. ஏன்?

ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது, உடலில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 70 நானோகிராம், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருக்கிறது என்கிறீர்கள். அந்த 'நார்மல்'தான் ஆளை ஏமாற்றும். கிரோன் என்பது குடலில் நீண்ட நாள் நீடிக்கும் அழற்சி நோய். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும். மற்றவர்களுக்கு 30-க்குக் கீழே போனால்தான் இரும்புக் குறை என்பார்கள். அழற்சி உள்ளவருக்கு 100 வரைகூடச் சந்தேகிக்க வேண்டும். அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாத்திரை பலிக்காததற்கும் அழற்சியே காரணமாக இருக்கலாம். அப்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது குடலிலிருந்து ரத்தத்துக்கு இரும்பு போகும் வழியை அடைத்துவிடும். உள்ளே போகாத இரும்பு வயிற்றைப் புரட்டும், அவ்வளவுதான். டோஸைக் கூட்டிப் பயனில்லை. நோய் தீவிரமாக இருந்தாலோ ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ் இருந்தாலோ டிரிப்ஸில் இரும்பு ஏற்றுவதைத்தான் முதலில் யோசிப்பார்கள். உங்கள் குடல் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

அப்புறம் வைட்டமின் பி12. அது குறைந்தாலும் ரத்தசோகை வரும். அது உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில். கிரோன் அதிகம் தாக்குவதும் அங்கேதான். அந்தப் பகுதியில் 20 செ.மீ.க்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்கு ஆயுள் முழுக்க ஊசி தேவைப்படலாம். பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

கிரோனுக்குத் தரும் சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஃபோலிக் ஆசிட் தருவார்கள். ஆனால் பி12 அளவைப் பார்க்காமல் அதை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீர்கள். ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரும். கை கால் மரத்துப்போனால் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.